வேகம், தூரம், நேரம்: எந்தத் தூரம் என்று முதலில் கேளுங்கள்

வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும் என்பது போட்டித் தேர்வு எழுதுவோர் அனைவருக்கும் தெரியும். விடை தவறுவது சூத்திரம் மறந்துபோவதால் அன்று; எந்தத் தூரம், எந்த நேரம் என்று முடிவு செய்யாமலே எண்களைப் பிரதியிடுவதால்தான். ஆகவே வினாவைப் படித்ததும் ஒரு கோடு வரைந்து, நகரும் பொருளின் ஒரு முனை எங்கிருந்து எங்கு வரை செல்கிறது என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2,080 மீட்டர். 420 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் அதை முழுவதும் கடக்க எவ்வளவு நேரமாகும்? எஞ்சினின் முகப்பு பாலத்தில் ஏறும்போது தொடங்கும் நேரக்கணக்கு, கடைசிப் பெட்டி இறங்கும்போதுதான் முடிகிறது; அதற்குள் அந்த முகப்பு 2,080 + 420 = 2,500 மீட்டர் சென்றிருக்கும். ஒரு மணிக்கு 3,600 வினாடி, ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் என்பதால் வேகத்தை 5/18 ஆல் பெருக்க, வினாடிக்கு 12.5 மீட்டர் என்றாகும். விடை 200 வினாடி, அதாவது 3 நிமிடம் 20 வினாடி. ரயிலின் நீளத்தை விட்டுவிட்டால் 166.4 வினாடி என வரும். கொள்குறி வினாவில் இத்தகைய தவறான விடையையும் ஒரு தெரிவாக வைப்பது வழக்கம். கம்பத்தைக் கடக்கும் கணக்கில் மட்டும் ரயிலின் நீளமே தூரம். இரு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தால் நீளங்களைக் கூட்டுங்கள். எதிரெதிராக வந்தால் வேகங்களையும் கூட்டி, ஒரே திசையில் சென்றால் கழியுங்கள்.

சராசரி வேகத்தில் நேரமே ஏமாற்றும். போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40 கி.மீ. என்றால் சராசரி 50 அன்று. ஒருவழித் தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போக 2 மணி, வர 3 மணி ஆகிறது. மொத்தம் 240 கி.மீ. தூரத்தை 5 மணியால் வகுக்க 48 கிடைக்கும். குறைந்த வேகத்தில்தான் அதிக நேரம் கழிகிறது என்பதே காரணம். இதை உணர்ந்தவர், x, y என்னும் இரு வேகங்களின் சராசரிக்கான 2xy/(x+y) என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தூரங்கள் சமமாக இல்லாத இடத்தில் அது பொருந்தவும் பொருந்தாது.

பள்ளிக்கு மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் 10 நிமிடம் தாமதம், 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாக என்னும் வினாவில் இரு நேரங்களின் இடைவெளி 15 நிமிடம், அதாவது கால் மணி. d/4 − d/5 = 1/4 என்பதிலிருந்து தூரம் 5 கி.மீ. என வரும். வினாவுக்கே திரும்பிச் சரிபார்த்தால், 75 நிமிடமும் 60 நிமிடமும் கிடைத்து, 15 நிமிட இடைவெளி பொருந்துகிறது.