குமரி மாவட்டத்தில் மாதக் கவிதைக் கூட்டம் தொடங்குவோருக்கு: அயர்லாந்திலிருந்து சில நடைமுறைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கவிதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும், பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமியும் இந்த மண்ணுக்கு உரியவர்கள். தக்கலையில் சூஃபி ஞானி பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவில் கூடியிருந்து பாடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இவ்வளவு இருந்தும், மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கும் ஒருவர், தன் கவிதையைப் பொறுமையாகக் கேட்டு வரிவரியாகப் பேசக்கூடிய நான்கு பேரை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால் பதில் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. அங்கே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஏற்புரை எல்லாம் உண்டு. கவிதை மட்டும் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு வாசிக்கப்படும்.

மாதம் ஒரு முறை கூடும் சிறிய கவிதைக் கூட்டம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்மாதிரியை அயர்லாந்திலிருந்து எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 18.7 லட்சம், 2021 கணக்கெடுப்பின்படி வட அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சம். மக்கள்தொகையில் நம் மாவட்டத்தின் அளவே உள்ள அந்த நிலப்பகுதியின் தலைநகரில், ஓர் ஆசிரியரின் வீட்டு அறையில் வாரந்தோறும் நடந்த கூட்டத்தில் பங்கெடுத்த இளைஞர்களில் ஒருவரான ஷேமஸ் ஹீனி 1995இல் நோபல் பரிசு பெற்றார். கூட்டம் நடத்தினால் நோபல் வரும் என்று நான் சொல்லவில்லை. கவிதைச் சூழல் உருவாவதற்குப் பெருநகரம் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பிலிப் ஹாப்ஸ்பாம் 1963இல் தொடங்கிய அந்தக் கூட்டத்தின் நடைமுறை மிக எளிமையானது. வாசிக்கப்போகிறவரின் கவிதைகள் சில நாட்களுக்கு முன்பே தாளில் படியெடுக்கப்பட்டு எல்லோருக்கும் அனுப்பப்பட்டுவிடும். கூட்டத்தன்று அவர் வாசிப்பார். மற்றவர்கள் கையிலுள்ள தாளைப் பார்த்துப் பேசுவார்கள். பிறகு காபி இடைவேளை. இடைவேளைக்குப் பின் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஹாப்ஸ்பாம் ஊரைவிட்டுப் போன பிறகும் ஹீனியும் மற்றவர்களும் பொறுப்பேற்று 1972 வரை கூட்டத்தை நடத்தினார்கள்.

இந்த நடைமுறையில் உயிரான பகுதி முன்கூட்டியே அனுப்பப்படும் அந்தத் தாள்தான். காதால் ஒரே ஒரு முறை கேட்ட கவிதையைப் பற்றி யாராலும் “அருமை”, “சிறப்பு” என்பதற்கு மேல் சொல்ல முடியாது. ஐந்து நாட்கள் கையில் இருந்த கவிதையைப் பற்றிப் பேசுவது வேறு. எனவே உங்கள் கூட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்குள் ஒருவருடைய நான்கு கவிதைகளை ஒரே தாளின் இருபுறமும் வரும்படி தட்டச்சு செய்து வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள். கூட்டத்துக்கு வரும்போது பதினைந்து ஜெராக்ஸ் படிகளையும் கொண்டு வாருங்கள். போன் திரையைப் பார்த்துப் பேசுகிறவரின் கண் சிறிது நேரத்தில் வேறு செய்திக்குப் போய்விடும். தாளில் பென்சிலால் கோடு போடுகிறவர் கவிதைக்குள்ளேயே இருப்பார்.

பேச்சு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கூட்டத்தில் ஒருவர் “தோவாளைச் சந்தையில் விடியுமுன் விலைபோகிறது பிச்சிப்பூவின் வாசம்” என்று எழுதிக் கொண்டுவந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வரி கேட்க நன்றாக இருக்கிறது. முதலில் பேசுகிறவர்கள் எல்லோரும் பாராட்டவும் செய்வார்கள். அப்போது பூ விவசாயம் செய்யும் ஒருவர், “அண்ணாச்சி, பிச்சி மொட்டாகத்தானே சந்தைக்கு வருகிறது? அது விரிந்து மணப்பது சாயங்காலம் அல்லவா?” என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் கவிதை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. இன்னும் பிறக்காத வாசம் விலைபோகிறது என்ற எண்ணம், பழைய வரி தொட்டிராத ஒன்று. கவிஞர் அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஆனால் இத்தகைய கேள்வி எழுவதற்கு, எழுத்தாளர்கள் மட்டுமல்லாமல் பூ கட்டுகிறவரும் வள்ளத்தில் போகிறவரும் ரப்பர் வெட்டுகிறவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். இது நம் மாவட்டத்தில் செய்யக்கூடியதே.

விவாதத்தின்போது கவிதை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்வது நல்லது. “நான் என்ன நினைத்து எழுதினேன் என்றால்” என்று அவர் தொடங்கிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். அவருக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நாளும் இடமும் அடுத்த கேள்வி. ஞாயிறு காலை மாவட்டத்தில் பலர் ஆலயத்தில் இருப்பார்கள் என்பதால் ஞாயிறு மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பது வசதியானது. நாகர்கோவிலிலிருந்து உள்கிராமங்களுக்குப் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இருட்டுமுன் வீடு சேர இந்த நேரமே இடம் தரும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று முடிவு செய்தால் அது இரண்டாம் ஞாயிறாகவே இருக்கட்டும். மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா ஆகியவற்றோடு மோதும் மாதங்களை மட்டும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பார்த்து மாற்றி அறிவித்துவிடலாம். இடத்தைப் பொறுத்தவரை, கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருப்பதால் நூலகரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். விடுமுறை நாள் சிக்கல் இருந்தால் பள்ளி வகுப்பறை, பங்கு மன்றம், யாருடைய வீட்டு மாடியாவது போதும். தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால் தகரக் கூரை போட்ட மாடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆனி மாத மழையில் அங்கே கவிதை காதில் விழாது.

நூலகத்தில் கூடுவதற்கும் அயர்லாந்தில் நல்ல முன்மாதிரி உண்டு. கால்வே நகரில் கவிஞர்களான கெவின் ஹிக்கின்ஸும் சூசன் மில்லர் டூமார்ஸும் 2003 ஜனவரியில் ‘ஓவர் தி எட்ஜ்’ என்ற வாசிப்பு நிகழ்ச்சியை நகர நூலகத்தில் தொடங்கினார்கள். அழைக்கப்பட்ட மூன்று பேர் முதலில் வாசிப்பார்கள். அதன் பின் திறந்த மேடை, அதாவது வந்திருப்பவர்களில் விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து வாசிக்கலாம். அழைக்கப்படும் மூவரில் இன்னும் தொகுப்பு வெளியிடாதவர்களுக்கும் இடம் உண்டு என்பதும், இன்று திறந்த மேடையில் வாசிப்பவர் நாளை அழைக்கப்படலாம் என்பதும்தான் அதன் பலம். நம் ஊரில் மேடை என்றாலே மூத்தவர்களுக்கு, கீழே நாற்காலிகள் இளையவர்களுக்கு என்று ஆகிவிட்டது. அந்த ஏற்பாட்டை இந்த ஒரு விதியாலேயே உடைக்கலாம்.

திறந்த மேடையில் நேரக் கட்டுப்பாடு இரக்கமற்றதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நான்கு நிமிடம் அல்லது இரண்டு கவிதை, எது முதலில் முடிகிறதோ அது. கவிதைக்கு முன்னுரை சொல்லும் நேரமும் இதற்குள்தான். நேரம் பார்க்கும் வேலையைக் கூட்டத்திலேயே இளையவரான, யாருக்கும் அஞ்சாத ஒருவரிடம் கொடுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, குத்துவிளக்கு, அழைப்பிதழில் பெயர் வரிசை ஆகியவற்றை முதல் கூட்டத்திலேயே வேண்டாம் என்று அறிவித்துவிடுவது நல்லது. ஒரு முறை ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டால், அடுத்த மாதம் போர்த்தாமல் விடப்பட்டவரின் மனக்கசப்பை ஆற்ற மூன்று மாதம் ஆகும்.

கார்க் நகரில் 2007இல் தொடங்கிய ‘ஓ வேல்’ என்ற நிகழ்ச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஐந்து சொல் பயிற்சி. ஒரு மதுவிடுதியின் மாடியில் நடந்துவந்த அக்கூட்டங்களில், வந்திருப்பவர்கள் ஐந்து சொற்களைச் சொல்வார்கள். விரும்பியவர்கள் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த ஐந்தும் வருமாறு ஒரு கவிதை எழுதி வாசிப்பார்கள். எழுத வெட்கப்படுகிறவர்களையும் எழுத வைத்துவிடும் தந்திரம் இது, ஏனெனில் பதினைந்து நிமிடத்தில் எழுதிய கவிதை நன்றாக இல்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம் கூட்டத்தில் மடி, பாஸ்போர்ட், ஓலை, சிலுவை, மரச்சீனி என்று ஐந்து சொல் கிடைத்தால், அதில் ஒரு கடற்கரைக் குடும்பத்தின் கதை தானாகவே பாதி வந்துவிடும். கட்டன்சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வரும் இடைவேளையிலேயே இதை நடத்திவிடலாம். தனி நேரம் வேண்டாம்.

இரு மொழிக்காரர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரிஷ் மொழியில் எழுதும் கவிஞர்கள் பலர், அம்மொழி எல்லோருக்கும் புரியாத அரங்குகளில் மூலத்தை முதலில் வாசித்து ஆங்கிலத்தைப் பின்னால் வாசிப்பது வழக்கம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளத்தில் எழுதுகிறவர்களுக்கும் இதே முறையைத் திறந்துவையுங்கள். மலையாளத்தில் முழுமையாக வாசித்த பின் தமிழில் பொருள் சொல்லட்டும். சுருக்கமாகப் பொருள் சொல்லிவிட்டு மூலத்தை விட்டுவிடுவது ஓசையைத் திருடுவதாகும்.

பணம் பெரிய சிக்கல் இல்லை. ஜெராக்ஸ், தேநீர், அறைக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் வாடகை. ஒரு டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, வரவு செலவை மாதந்தோறும் குழுவில் எழுதிப் போட்டுவிட்டால் போதும்.

இனி வாட்ஸ்ஆப் குழு. நல்ல கூட்டங்கள் பலவற்றை இதுதான் கெடுக்கிறது என்பது என் கருத்து. காலை வணக்கப் படம், கட்சிச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து என்று நாளைக்கு நூறு செய்தி வந்தால், கவிதையைத் தேடி வந்தவர் முதலில் ஒலியை நிறுத்துவார், பிறகு வெளியேறுவார். இதற்கு வழி, இரண்டு குழுக்கள் வைத்துக்கொள்வது. ஒன்றில் அட்மின் மட்டுமே எழுத முடியும். கூட்ட நாள், இடம், கவிதைத் தாள் ஆகிய மூன்றைத் தவிர அதில் எதுவும் வராது. மற்றொன்று பேசுவதற்கானது, அதில் சேர்வது அவரவர் விருப்பம். யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள், ஏனெனில் சாதாரணக் குழுவில் சேர்ந்த உடனே அவருடைய எண் முன்பின் தெரியாதவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் தயங்குவதற்கு முதல் காரணமே இதுதான். பேச்சுக் குழுவுக்கு ஓ வேல் இணையத்தில் நடத்தும் போட்டியின் முறை பொருந்தும். அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் ஐந்து சொற்களை வெளியிட்டு, கவிதை எழுத ஒரு வாரம் தருகிறார்கள். நீங்களும் அவ்வாறே செய்தால் குழுவுக்கு ஒரு வேலை இருக்கும். வேலை இருக்கும் குழுவில் வெற்றுச் செய்திகள் குறையும்.

ஒரு எச்சரிக்கை: இதழ்களுக்கு அனுப்ப நினைத்திருக்கும் கவிதையை முகநூலில் போடாதீர்கள். முன்பு எங்கும் வெளிவராத கவிதையைத்தான் பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் கேட்கின்றன; பொதுவெளியில் போட்டதையும் வெளியீடாகவே பலர் கருதுகிறார்கள். கூட்டத் தாளின் அடியில் “விவாதத்துக்கு மட்டும், பகிர வேண்டாம்” என்று ஒரு வரியும் கவிஞரின் பெயரும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருப்பவர்களை இணைப்பது கடைசி வேலை. அறைக்குள் கூட்டம் ஆறு மாதமாவது நிலைபெற்ற பிறகு செய்யுங்கள். செவிலியராகவோ கணினி வேலைக்காகவோ அயர்லாந்துக்குப் போன நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதக்கூடியவராக இருந்தால், அவர் அங்குள்ள கூட்டமொன்றுக்குப் போய்வந்து எப்படி நடந்தது என்று சொல்வதே பெரிய உதவி. டப்ளினில் உள்ள பொயட்ரி அயர்லாந்து என்ற அமைப்பு 1978இலிருந்து இயங்குகிறது; அது ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் கவிதை நாளன்று தீவு முழுவதும் நூலகங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் வாசிப்புகள் நடக்கின்றன. புதிதாகப் போனவர் அறிமுகமாக அந்த நாள் ஏற்றது.

நேரக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அயர்லாந்து நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரம். நம் மூன்று மணி அங்கே கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. இரவுப் பணி முடித்து வருகிறவரை ஒன்பதரைக்கு எழுப்பாமல், இடைவேளைக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஜூமின் இலவசக் கணக்கில் ஓர் அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் திறந்த மேடைக்கு மட்டும் இணைப்பைத் திறங்கள். மடிக்கணினியை அறையின் மூலையில் வைத்தால் அங்கிருப்பவருக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். ஒரு போனை வாசிப்பவரின் முன்னாலுள்ள மேசையில், முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில் வையுங்கள். இணையத்தில் வருகிறவரும் நான்கு நிமிட விதிக்குக் கட்டுப்பட்டவரே. இணைப்பு அறுந்தால் காத்திருக்காமல் அடுத்தவரை அழைத்துவிடுங்கள். அறுந்தவர் திரும்ப வந்ததும் வரிசையின் கடைசியில் வாசிக்கட்டும்.