புதிதாக டியூட்டர் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் துறைத் தலைவர் ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பார். அதில் இருபது, சில கல்லூரிகளில் முப்பது பெயர்கள் இருக்கும். அன்றிலிருந்து அவர்கள் உங்கள் ‘வார்டு’கள், நீங்கள் அவர்களுடைய ‘டியூட்டர்’. ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தை நாக் என்ற தேசியக் கல்லூரித் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் கேட்கிறார்கள் என்பதால், தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பாடு பதிவேட்டளவில் இருக்கிறது. பதிவேட்டில் இருக்கும் இந்த உறவைக் கொண்டு ஒரு மாணவர் தமக்கான நோக்கத்தைக் கண்டுகொள்ளவும், பத்துப் பேரை நடத்திச் செல்லும் பக்குவத்தை அடையவும் உதவுவது எப்படி என்பதை, பல ஆண்டுகள் இப்பொறுப்பில் இருந்தவள் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

‘இலட்சியம்’ என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள்

வார்டு படிவத்தில் தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், இரத்த வகை ஆகியவற்றுக்குப் பிறகு, கடைசியில் ‘வாழ்க்கை இலட்சியம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஐ.ஏ.எஸ்., போலீஸ், ஆசிரியர், ‘நல்ல வேலை’ என்ற நான்கு விடைகளுக்குள் அநேகமாக எல்லாரும் அடங்கிவிடுவார்கள். அவர்கள் பொய் எழுதுவதில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, வெற்றி என்பதற்கு ஊரில் வழங்கும் சொற்கள் அவ்வளவுதான். அந்தச் சொல்லை முதல் நாளிலேயே எழுதி வாங்கிவிட்டால், மூன்று ஆண்டுகளும் அவர் அதற்குக் கட்டுப்பட்டவர்போல் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே முதல் பருவம் முடியும்வரை அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லாதீர்கள்.

அதற்குப் பதிலாக இரண்டு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பேருந்தில் வருகிறார், வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆகிறது; கல்லூரி முடிந்த பிறகு எங்கேனும் வேலைக்குப் போகிறாரா. இரவு பத்து மணிவரை துணிக்கடையில் நிற்கும் மாணவனை நான்கு மணிக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவன் வரவில்லை என்பதற்காக ‘ஆர்வமில்லாதவன்’ என்று குறித்து வைத்த பிழையை நானே செய்திருக்கிறேன். அவனைக் காலை முதல் மணிக்கு முன் சந்தித்திருந்தால் போதும் என்பது ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சந்திப்பு ஆசிரியர் அறையில், மற்றவர்கள் காதில் விழும்படி நடக்கக் கூடாது. வராந்தாவோ நூலகத்தின் ஓரமோ போதும். மேசைக்கு எதிர்ப்புறம் நிற்க வைத்துப் பேசாமல், பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். தனித்தனியாக இருபது நிமிடம், மாதம் ஒருமுறை என்ற கணக்கு இருபது மாணவர்கள் வரை தாங்கும்.

நேற்று மாலை என்ன செய்தாய்?

வரலாற்றுத் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவி மூன்று சந்திப்புகளிலும் “ஒண்ணும் இல்ல மேடம்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவள் படிவத்தில் ‘போலீஸ்’ என்று இருந்தது. நான்காவது முறை நான் இலட்சியத்தைப் பற்றிப் பேசாமல், “நேத்து காலேஜ் விட்டுப் போனதுல இருந்து தூங்குற வரைக்கும் என்னம்மா பண்ணுன?” என்று மட்டும் கேட்டேன். தண்ணீர் பிடித்தது, தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், “அப்புறம் குழு நோட்டு எழுதினேன்” என்றாள். அவளுடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். அவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எழுத வராது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தையும், சேமிப்பு, கடன், தவணைக் கணக்குகளையும் இவள்தான் எழுதி வருகிறாள். பள்ளிக் கட்டணத்துக்காக ஜூன் மாதத்தில் யார் யார் கடன் கேட்பார்கள், வங்கியில் விண்ணப்பத்தை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதையெல்லாம் அடுத்த பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். மூன்று மாதமாக நான் கேட்காத குரல் அது.

இந்த இடத்தில் நம்மில் பலர் அவசரப்பட்டு, “அப்படின்னா நீ பேங்க் எக்ஸாம் எழுது” என்று சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். “இதுல எது உனக்குப் பிடிச்சிருக்கு, எது பாரமா இருக்கு?” என்று கேளுங்கள். கூட்டல் கழித்தல் பாரம் என்றாள். வட்டி ஏன் இவ்வளவு வந்தது என்று அந்தப் பெண்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும், அவர்கள் முகம் தெளிவதைப் பார்ப்பதும் பிடிக்கும் என்றாள். கணக்கு எழுதுவதற்கும், கணக்கை விளக்குவதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாட்டில்தான் ஒருவருடைய நோக்கத்தின் திசை தெரிகிறது.

நேற்று மாலையைப் பற்றிய கேள்வி எல்லாரிடமும் பலிக்காது. சிலரிடம், “உங்க தெருவுல எதுக்காக உன்னைத் தேடி வருவாங்க?” என்று கேட்டால் கதவு திறக்கும். வேறு சிலரிடம், அண்மையில் எதைப் பார்த்து மனம் பொறுக்காமல் போனது என்று கேட்க வேண்டும். விடை எதுவானாலும் அவர் சொன்ன சொற்களிலேயே, தேதியுடன், உங்களுடைய தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி கேட்கும் பதிவேட்டைத் தனியாக நிரப்பலாம். இந்தக் குறிப்பேட்டை எந்தக் குழுவுக்கும் காட்ட வேண்டியதில்லை. நான்கைந்து சந்திப்புகளின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், திரும்பத் திரும்ப வரும் ஒன்று கண்ணில் படும். அதை மாணவரிடமே வாசித்துக் காட்டுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் அவர்.

சொல்லிப் பார்ப்பதைவிடச் செய்து பார்ப்பது

ஓர் ஆசை நோக்கமாக மாறுமா என்பதைச் சிறிய அளவில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மேலே சொன்ன மாணவி, வட்டார அளவில் மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பணியாளருடன் இரண்டு சனிக்கிழமைகள் ஊர் ஊராகப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது சமூகப்பணியில் முதுகலை எங்கெங்கே இருக்கிறது என்று அவளாகவே கேட்டாள்.

அரசுப் பணித் தேர்வுதான் வழி என்று உறுதியாக இருப்பவரிடம் வாதம் செய்யத் தேவையில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் தொகுதி 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். அதில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிக்கானவை. தேர்வாணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் பழைய வினாத்தாள் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, ஒரு சனிக்கிழமை காலை நூலகத்தில் கடிகாரத்தை வைத்து முழுமையாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின் மதிப்பெண்ணைவிட, “மூணு மணி நேரம் எப்படிப் போச்சு?” என்ற கேள்வியைக் கேளுங்கள். இன்னொரு தாள் வேண்டும் என்பவர் ஒருவகை. இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதவர் இன்னொருவகை. இரண்டாமவருக்கு அந்த ஒரு சனிக்கிழமை, பட்டம் வாங்கிய பிறகு வீணாகியிருக்கக்கூடிய இரண்டு மூன்று ஆண்டுகளை மீட்டுக் கொடுத்திருக்கிறது.

தலைமையை மேடையில் தேடாதீர்கள்

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவரையே மன்றச் செயலாளராக்கி, அவரையே விழாத் தொகுப்பாளராக்கி, அவரையே வரவேற்புக் குழுவிலும் போடுவது நம் துறைகளில் பழகிப்போன வழக்கம். அவர் வளர்கிறார், உண்மைதான். ஆனால் மற்ற ஐம்பது பேரும் நாற்காலி தூக்குவதோடு மூன்று ஆண்டுகளை முடித்துவிடுகிறார்கள். தலைமை என்பது ஒரு பொறுப்பை ஏற்று, அதன் விளைவுக்குப் பதில் சொல்லும் பழக்கம். அதைக் கொடுத்தால்தான் வரும்.

கொடுக்கும் பொறுப்பு மெய்யானதாக இருக்க வேண்டும். அதில் கொஞ்சம் பணம், ஒரு தேதி, அவரை நம்பியிருக்கும் சில மனிதர்கள் ஆகிய மூன்றும் இருக்கட்டும். எதுவரை அவராக முடிவெடுக்கலாம், எதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் குறுக்கே போகாதீர்கள். இதுதான் கடினம்.

நாட்டு நலப்பணித் திட்டம் இதற்கு நல்ல களம். 1969-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அப்படி ஒரு முகாமில், ஐம்பது பேருக்கான சாப்பாட்டுப் பொறுப்பை அதிகம் பேசாத ஒரு மாணவனிடம் கொடுத்திருந்தோம். இரண்டாம் நாள் மாலை அவன் அரிசி அளக்கும்போதே குறைவாக இருப்பதைக் கண்டேன். அன்று ஊர்ப் பிள்ளைகளும் சாப்பிட உட்காருவார்கள் என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. என் வாய்வரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டேன். கடைசிப் பந்தியில் பதினோரு பேர் உட்கார்ந்தபோது சோற்றுக் குண்டான் காலி. அவன் முகம் வெளுத்துப் போனது. பிறகு யாரையும் கேட்காமல், பள்ளிச் சமையல்கூடத்தில் மீதமிருந்த ரவையை வாங்கி வந்து அரை மணி நேரத்தில் உப்புமா கிண்டிப் பரிமாறினான். அவன் மட்டும் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒரு சாக்குக் கட்டியுடன் பள்ளிக்கூடச் சுவரில் மூன்று வேளைக்கும் தலைக்கணக்கு எழுதத் தொடங்கினான். மீதி ஐந்து நாளும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அடுப்பு எரிந்தது.

பசி ஒரு வேளைதான் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அப்படிப் பொறுத்திருக்க முடிந்தது. யாருக்கேனும் காயமோ அவமானமோ நேரும் என்ற இடத்தில் உடனே தலையிட வேண்டும். தவறு நடந்த பிறகு அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கி, பழைய கெட்டிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். என்ன நடந்தது, எந்த இடத்தில் முன்பே தெரிந்திருக்கும், அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று கேட்டுவிட்டு, அதே பொறுப்பில் விடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சில மாணவர்கள் கல்லூரிக்குள் நுழையும்போதே பின்னால் பத்துப் பேரோடு வருகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் ஒரே தெருவையும் ஒரே சாதியையும் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அதைத் தலைமைப் பண்பு என்று நினைத்துத் தட்டிக் கொடுத்துவிடக் கூடாது. கண்டித்து ஒதுக்கினாலும் அந்த வட்டம் இன்னும் இறுகும். வேறு ஊர், வேறு சாதி, மாணவியர் உட்பட ஆறேழு பேர் கொண்ட ஒரு குழுவில் அவரைப் போட்டு, தலைவராக்காமல், வேறொருவருக்குக் கீழே வேலை செய்ய விடுங்கள். அதைத் தாங்கிக்கொண்டவரிடம் அடுத்த பருவத்தில் பொறுப்பைக் கொடுக்கலாம்.

நோக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாத நாட்கள்

தேர்வுக் கட்டணம் கட்டாத மாணவரிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் அதைத் தீர்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உங்கள் வார்டுகளின் பெயர் ஏறியிருக்கிறதா, வங்கிக் கணக்கு ஆதாருடன் சேர்ந்திருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள். பணம் வரவில்லை என்று தயங்கித் தயங்கி அவர்கள் சொல்வதற்குள் பாதிப் பருவம் போய்விடும்.

படிப்பின் நடுவில் திருமணம் பேசுகிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னால், அவள் சம்மதமில்லாமல் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்த ஓர் அழைப்பே அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடக்கூடும். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் யார் எதைச் சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும், அன்றைக்கு அவரைத் தனியே விடாமல், கல்லூரி மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ உடன் சென்று சேருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற தொலைபேசி எண் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கும். அந்த எண்ணை எல்லா வார்டுகளிடமும் முதல் வாரமே கொடுத்துவைப்பது நல்லது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டில்

ஐந்தாம் பருவம் தொடங்கியதும் ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு முதலாண்டு மாணவர்களை ஒப்படையுங்கள். பேருந்துப் பயண அட்டை வாங்குவது, இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று விளக்குவது, அரியர் வைத்தவரைத் துவண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. நம்மிடம் சொல்லாததை அண்ணனிடமும் அக்காவிடமும் சொல்வார்கள். மாதம் ஒருமுறை மூன்றாமாண்டு மாணவர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள்.

தேர்வு முடிந்து அவர்கள் போன பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. முடிவுகள் வந்ததும் எல்லாரும் வாழ்த்துவார்கள், அப்போது நீங்கள் அழைக்க வேண்டிய அவசியமில்லை. செப்டம்பர் வாக்கில், சிலர் வேலைக்கும் சிலர் மேற்படிப்புக்கும் போய்ச் சேர்ந்திருக்க, இன்னும் எதுவும் அமையாத சிலர் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். குறிப்பேட்டைப் பார்த்து அந்தச் சிலரை அழைத்து, நேற்று மாலை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.