பால் கொடுக்கும் தாய்க்கு முதுகு வலிக்காமல் இருக்க

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும், தாய் தினமும் நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஒரே இருப்பில் இருக்கிறாள். கர்ப்ப காலத்தில் இளகிய இடுப்பு மூட்டு நார்கள் இன்னும் இறுகியிருக்காது. வயிற்றுத் தசைகளும் தளர்ந்திருக்கும். அந்த உடம்போடு கூன் போட்டு உட்கார்ந்தால் சுமை முழுவதும் முதுகுத் தசைகள் மேல்தான் விழும்.

குழந்தை அழுததும் அப்படியே வாரி எடுத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வலி இங்கேதான் தொடங்குகிறது. முதலில் தாய் சரியாக உட்கார வேண்டும். பிறகு வேறு யாராவது குழந்தையை எடுத்து மடியில் கொடுக்கட்டும். தனியாக இருந்தால், தலையணைகளையும் தண்ணீரையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் குழந்தையை எடுங்கள்.

கைவைத்த நாற்காலி நல்லது. இடுப்பு பின்பலகையைத் தொடும்வரை உள்ளே தள்ளி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி, இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் வையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதியாவிட்டால் காலடியில் ஒரு மணைக்கட்டையைப் போடுங்கள். தரையில்தான் உட்கார்வீர்கள் என்றால், சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு தலையணை மேல் உட்கார்ந்து சம்மணம் போடுங்கள். முழங்கால்களைவிட இடுப்பு கொஞ்சம் உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும்.

அடுத்தது உயரம். மடியில் ஒன்றோ இரண்டோ தலையணை அடுக்கி, குழந்தையின் மூக்கு மார்க்காம்புக்கு நேராக வரும்வரை உயர்த்துங்கள். பஞ்சு அமுங்கும் தலையணை பத்து நிமிடத்தில் தாழ்ந்துவிடும், கூடவே உங்கள் தோளும் தாழும். மடித்த போர்வை அதைவிட நன்றாகத் தாங்கும். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைப் பார்த்தபடி, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். வாயை அகலத் திறந்ததும் குழந்தையை மார்போடு அணையுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள்.

காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து தோளைத் தூக்கி இறுக்கிக்கொள்வதால்தான் பலருக்குக் கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்கின்றன. அப்படியானால் சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள். குழந்தை பிடித்துக் குடிக்கத் தொடங்கியதும் தோளைத் தளரவிட்டு, பார்வையை நிமிர்த்துங்கள். முழு நேரமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க ஆசையாகத்தான் இருக்கும், கழுத்து தாங்காது.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இரவு நேரத்துக்கும் ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது பெரிய ஆறுதல். உங்கள் தலைக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. குழந்தையின் முகத்தருகே தலையணையோ போர்வையோ வேண்டாம். சோபாவில் படுத்துக் கொடுக்கவே கூடாது. கண் அசந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

தூளியையும் கவனியுங்கள். தாழக் கட்டினால், தூக்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பை மடிக்க வேண்டியிருக்கும். அதை உயரமாகக் கட்டுவதும் குழந்தைக்கு ஆபத்து. அதனால் தூளி தாழ்வாகவே இருக்கட்டும். நீங்கள் முழங்காலை மடித்து இறங்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்திருங்கள்.

ஒவ்வொரு முறை கொடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்: தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. வயிற்றுக்கான பயிற்சிகளை, அதிலும் அறுவை சிகிச்சை ஆனவர்கள், மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

“முதுகில் ஊசி போட்டார்கள், அதனால்தான் மாதக்கணக்கில் வலி” என்று பலர் நம்புகிறார்கள். மயக்க ஊசி குத்திய இடம் சில நாட்கள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமல்ல என்பதே ஆய்வுகள் காட்டுவது. ஊசியைப் பழித்துவிட்டு, உட்காரும் விதத்தை மாற்றாமல் இருந்தால் வலி நீடிக்கலாம். ஆனால் காய்ச்சலோடு முதுகுவலி, கால் மரத்துப்போதல், தொடையிடுக்கில் உணர்வு குறைதல், சிறுநீரை அடக்க முடியாமை, திடீரென்று முதுகில் கடுமையான வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் 6 மாதம்வரை கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள்; விடாமல் சாப்பிடுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.