ஒன்பது எழுத்து, மூன்று துண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நம்ம ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எழுதிக் காட்டினேன். "சி, யூ, டி, டி, ஏ, எல், ஓ, ஆர், இ" என்று கடகடவென ஒப்பித்தான். சரி, என்ன வார்த்தை என்றேன். திருதிருவென முழித்தான். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில்தான் தினமும் வருகிறான்.

முதல் தவறு இதுதான். 'ம', 'ர', 'ம்' என்று கூட்டினால் தமிழில் மரம் வந்துவிடும். இங்கிலீஷில் 'சி' என்பது எழுத்தின் பெயர். இங்கே அதன் ஒலி 'க்'. பெயரை எத்தனை தடவை சொன்னாலும் வார்த்தை வராது. இரண்டு 'டி'க்கும் நடுவே ஒரு கோடு, 'ஏ'க்கு அப்புறம் ஒரு கோடு போட்டேன். கட், ட, லோர். கடைசி 'இ' வாயே திறக்காது என்றேன். அவனே படித்துவிட்டான்.

இப்படி இரண்டு மெய்க்கு நடுவில் வெட்டுவது ராபிட், நாப்கின் இரண்டுக்கும் சரியாக வரும். நடுவில் ஒரே ஒரு மெய் இருந்தால்தான் தகராறு. பலர் ஒரு விதியைச் சொல்லி அதையே சட்டமாக்கிவிடுகிறார்கள். 'டைகர்' மெய்க்கு முன்னால் வெட்டுப்படும். முதல் துண்டு உயிரில் முடிவதால் 'ஐ' தன் பெயரையே சொல்லும். 'ரிவர்' என்ற வார்த்தையையும் அதே மாதிரி வெட்டினால் 'ரைவர்' ஆகிவிடும். முன்னால் வெட்டிப் பார், தெரிந்த வார்த்தையாக வரவில்லையா, பின்னால் வெட்டு. ஆனால் அந்த வார்த்தை பிள்ளையின் காதில் முன்பே விழுந்திருக்க வேண்டும்.

உயிரெழுத்தை எண்ணித் துண்டை எண்ணாதீர்கள். 'கேக்' எழுத உயிர் இரண்டு வேண்டும், சொல்ல ஒரே துண்டு. தாடைக்கு அடியில் கை வைத்துச் சொல்லச் சொன்னால் போதும், எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை. துண்டை 'அசை' என்று சொன்னாலும் வம்புதான். யாப்பில் 'நிலா' ஒரே நிரையசை, இங்கே இரண்டு.

ஒலியைப் 'பு', 'டு' என்று உகரம் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதும் வேண்டாம். புள்ளி வைத்த எழுத்து நம்மிடம் இருக்கும்போது எதற்கு அந்த வால்?

பெற்றோர் செய்வது ஒன்று: வார்த்தைக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதிவிடுவது. 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா? பிள்ளை மேல் வரியைத்தான் படிக்கும், கண் கீழே இறங்காது. (நானும் இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன். இது உங்களுக்கு, பிள்ளைக்கு அல்ல.)

புதுச்சேரிக்குப் போனால் தெருப் பலகைகளில் இந்தப் பயிற்சி வேண்டாம். கடற்கரைச் சாலைக்கு அங்கே முதலமைச்சராக இருந்த கூபேர் பெயர். எழுதும்போது கடைசியில் ஒரு 'டி' உண்டு, பிரெஞ்சில் அது பேசாது. எங்கள் வீட்டுச் சின்னவள் அழகாக வெட்டி 'கௌ-பர்ட்' என்றாள். வெட்டிய இடம் சரிதான்.