காட்டுத்தீ: வண்டி வந்து சேரும்வரை ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது

எங்கள் ஊர் பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் ரோடு முடிகிற இடம் வரைதான். அதனால் மாசி பிறந்து புல் காய ஆரம்பித்ததும் நாங்கள் 14 பேர் தயாராகிவிடுவோம். போன வருடம் நாங்கள் அணைத்துவிட்டு வந்த தீ மூன்றாம் நாள் மறுபடி எழுந்து பக்கத்துத் தோட்டத்து மிளகுக் கொடிகளைக் கருக்கிவிட்டது. ஒன்பது வருடக் கொடிகள். எங்கே தவறினோம் என்பது புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

1. சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

முதலில் வனக்காப்பாளருக்கு ஃபோன், அப்புறம் 101. காப்புக்காட்டுக்குள் வனத்துறை ஆள் இல்லாமல் நுழையாதீர்கள். எதிர்த்தீ, அதாவது வருகிற தீக்கு எதிரே புல்லை முன்கூட்டியே எரித்துவிடுவது, அவர்கள் வேலை, நாம் தீப்பெட்டியையே எடுக்கக் கூடாது. மேலே போகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு ஒருவர் கீழேயே இருக்கட்டும். சிக்னல் கிடைக்காது, ஆளுக்கொரு விசில் வேண்டும்.

2. உடுப்பு

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், தோல் ஷூ. பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

3. எங்கே நிற்பது

தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலேதான் ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புற்சரிவில் சிக்கினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். எந்த அவசரமானாலும் தீக்கு மேல்பக்கம் போய் நிற்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய வால் பக்கம் தொடங்கி, தீயின் இரண்டு பக்கவாட்டு ஓரங்களையும் அடக்கிக்கொண்டே ஏறுங்கள். ஓட வேண்டி வந்தால் ஓடுவது அந்தக் கருகிய தரைக்குள்தான். சுவாலை 4 அடிக்கு மேல் எழுந்தால் பச்சைத் தழையால் அடிக்கப் போகாமல் விலகிவிடுங்கள்.

4. கோடு

தீத்தடுப்புக் கோடு என்றால் புல்லை அரிவதோடு முடிவதில்லை. சருகு, மட்கு எல்லாம் வழித்துச் செம்மண் தெரிய வேண்டும். அகலம், அங்கே நிற்கும் புல்லின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். தீக்குக் கீழே கோடு போடுகிறீர்கள் என்றால் அதைப் பள்ளமாக வெட்டி, மண்ணைக் கீழ்க்கரையில் குவித்து வையுங்கள். உருண்டு வரும் கட்டை அதில் தங்கும்.

சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர் நல்ல கருவிதான், சருகுக்காட்டில் வேகமாகக் கோடு போடலாம். ஆனால் எரிகிற ஓரத்தில் அதை இயக்கினால் கங்கு பறக்கும், கூடவே பெட்ரோலும் சுமக்க வேண்டும். எனக்கு நீளக் கைப்பிடி போட்ட இரும்பு வாருகோலும் மண்வெட்டியும் போதும். அடிக்கடி தீ பிடிக்கும் ஊரில் முதல் காசை இவற்றில் போடுங்கள்.

5. ஆற வைப்பது

நாங்கள் தவறியது இங்கேதான். சுவாலை அடங்கியதும் எல்லாரும் இறங்கிவிட்டோம். இரண்டு நாள் ஒரு புகைகூட இல்லை. மூன்றாம் நாள் மதியம், எங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், எரியாத புல்லுக்கு நடுவில் நூல்போல ஒரு புகை. தோண்டிப் பார்த்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பட்ட அடிக்கட்டை ஒன்றின் வேர், விரல் கனம்தான், நாங்கள் வழித்த மண்ணுக்கு அடியிலேயே கனன்றுகொண்டு வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று எழுந்துவிட்டது.

இப்போது இப்படிச் செய்கிறோம். கோட்டிலிருந்து உள்ளே 50 அடி வரை வரிசையாக நடப்போம். சாம்பலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் புறங்கையைக் காட்டுவோம். சூடு பட்டால் தோண்டி, தண்ணீர் ஊற்றி, மண்ணோடு பிசைந்து, மறுபடி கை காட்டுவோம். தண்ணீர் ஊற்றுவதோடு விட்டால் மேலே சேறாகி அடியில் கங்கு அப்படியே இருக்கும். கோட்டைத் தாண்டும் வேர் கண்ணில் பட்டால் வெட்டி எடுத்துவிடுவோம். 16 லிட்டர் மருந்தடிக்கும் டேங்க் இதற்கு மிகவும் உதவும். ஆனால் களைக்கொல்லி தொடாத புது டேங்காக இருக்க வேண்டும். அடுத்த மூன்று நாளும் காலையிலும் மதியத்திலும் இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவார்கள். வெயில் ஏறிய பிறகு பார்ப்பதுதான் முக்கியம்.

பின்சேர்க்கை: முகத்தில் ஈரத்துண்டு கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கட்டாதீர்கள். அனலில் அந்த ஈரம் ஆவியாகி முகத்தைச் சுடும். காய்ந்த பருத்தித் துண்டுதான் சரி.

இன்னொன்று: செயற்கைக்கோள் எச்சரிக்கை பற்றி ஒருவர் எழுதியிருந்தார். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் ஃபோனுக்குச் செய்தி வரும். பதிந்து வையுங்கள். ஆனால் செயற்கைக்கோள் நம் மலையைக் கடப்பது நாளுக்குச் சில முறைதான். நடுவில் பிடிக்கும் தீ அதற்குத் தெரியாது. எங்கள் ஊரில் இன்னமும் முதலில் பார்த்துச் சொல்வது மேலே ஆடு மேய்க்கிறவர்கள்தான். அவர்கள் நம்பர் உங்கள் ஃபோனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.