ஊருக்குப் போனால் பல்லை முதல் வாரத்திலேயே அடைத்துவிடுங்கள்

மஸ்கட்டிலிருந்து 20 நாள் விடுப்பில் நாகர்கோவில் சென்றிருந்தேன். ஐந்தாம் நாள் முந்திரிக்கொத்தைக் கடித்தபோது, சொத்தை விழுந்திருந்த கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை பெயர்ந்து கையோடு வந்தது. வலி இல்லாததால், குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதை முன்னே வைத்து, பல்லைக் கடைசி நாளுக்குத் தள்ளினேன். இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட், பழைய வெள்ளி அடைப்பைப் போலக் குழிக்குள் திணித்தால் நிற்பதன்று. பல்லோடு ஒட்ட வேண்டும். சொத்தையைக் குடைந்தெடுத்தபின் பாஸ்பாரிக் அமிலக் களிம்பைச் சுமார் 15 விநாடி வைத்துக் கழுவுவார்கள். அதனால் சொரசொரப்பாகும் எனாமலின் நுண்பள்ளங்களில் ஒட்டுத் திரவம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் காம்போசிட்டை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுக்குவார்கள். ஒளி ஆழத்துக்கு இறங்காது, பொருளும் இறுகும்போது சுருங்கும் என்பதால் இதில் அவசரம் கூடாது. ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். அதற்காகவே பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்கள்.

நான் தள்ளிவைத்த அந்தக் கடைசி நாளில் தக்கலையில் மாமி வீட்டில் விருந்து. மாமாவின் கார் கிளினிக் வாசலில் நின்றது. "மக்ளே, இலை போட்டாச்சு, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாமி மூன்று முறை அழைத்தார். நான் ரப்பர் விரிப்பு வேண்டாம், சீக்கிரம் முடியுங்கள் என்றேன். அதற்குப் பதிலாக வைத்த பஞ்சு நனைந்து, களிம்பு கழுவிய இடத்தில் எச்சில் ஏறியது. மருத்துவர் மறுபடி தொடங்க வேண்டும் என்றார். நான் கையசைத்து மறுத்தேன். கடைசியில் அடைப்பின் உயரம் பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொன்னபோது தாடை மரத்திருந்ததால், அடைப்பு உயரமாக இருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் விமானம். மஸ்கட்டில் ஒரு வாரம் கடிக்கும்போதெல்லாம் வலித்தது; மாதம் முடிவதற்குள் அடைப்பு கழன்றுவிட்டது.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை எந்த விருந்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பந்தி காத்திருக்கும், இல்லையென்றால் மாமி கோபித்துக்கொள்ளட்டும். மரப்பு தெளிந்ததும் கடித்துப் பாருங்கள். உயரம் தட்டுப்பட்டால் தேய்த்துச் சரிசெய்ய ஊரில் நாட்கள் மிச்சம் இருக்க வேண்டும். முன்பல் என்றால் நிறத்தை வேலை தொடங்குமுன், பல் ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த பல் வெளிறித் தோன்றும்.

அன்று அம்மாவும் கிளினிக்குக்கு வந்து, என் சட்டைப் பையிலிருந்த பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். மரச்சீனிக் கிழங்கை அவர் வலப்பக்கத்தில் மட்டுமே மெல்லுகிறார் என்பதை இந்த முறைதான் கண்டேன். இடப்பக்கத்தில் பற்கள் எப்போது போயின என்று கேட்டதற்கு, நீ போன மூன்றாம் வருஷம் என்றார். அடுத்த விடுப்பில் இறங்கிய மறுநாள் காலைக்கு இரண்டு பேர் பெயரையும் பதிந்திருக்கிறேன்.