தண்ணீர் 97 டிகிரியில் கொதித்தால் யார் மேல் தவறு? வீட்டுச் சோதனைகளில் பெரியவர்கள் தவிர்க்க வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 110 டிகிரி வரை கோடு போட்ட வெப்பமானி ஒன்றை அதில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சிவப்புக் கோடோ 97-இல் ஏறி நின்றதோடு சரி. தீயைக் கூட்டினோம். குமிழிகள் கூடினவே தவிர அளவு கூடவில்லை. “புத்தகத்துல நூறுன்னு இருக்கேம்மா” என்றாள். “மட்டமான தெர்மாமீட்டர், நீ நூறுன்னே எழுதிக்கோ” என்றேன். அவளும் எழுதினாள். வீட்டில் பிள்ளைகளோடு சோதனை செய்யும் பெரியவர்களின் தவறுகளில் எது பெரியது என்று கேட்டால், அன்று என் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

வெப்பமானி சரியாகத்தான் காட்டியிருந்தது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட மேலிருந்து அழுத்தும் காற்றின் அளவு குறைகிறது. ஆவியாகி வெளியேறும் நீரை அமுக்கிப் பிடிக்கும் அழுத்தம் குறைவதால், குறைந்த வெப்பநிலையிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது. 300 மீட்டர் ஏறினால் சுமார் 1 டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு. ஆகவே சென்னையில் 100, இங்கே 97, ஊட்டியில் 93-ஐ ஒட்டி. சென்னையிலிருந்து இங்கே குடிவந்த புதிதில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகிறது என்று அலுத்துக்கொள்பவர்களின் அலுப்பில் இந்த 3 டிகிரிக்கும் பங்குண்டு.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது மறு வாரம்தான் உறைத்தது. வெப்பமானியின் மேல் சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது: பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் வெப்பமானியைச் சில நிமிடங்கள் வைத்தால் 0 காட்ட வேண்டும். உருகுநிலையை ஊரின் உயரம் அநேகமாகத் தொடுவதே இல்லை. எங்கள் வெப்பமானி 0-வைத் துல்லியமாகக் காட்டியது. “அப்போ போர்வெல் தண்ணிதான் காரணம்” என்றாள் மகள். அது தவறான ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். இரண்டு பாத்திரங்களில் போர்வெல் தண்ணீரையும் வடிகட்டிய குடிநீரையும் கொதிக்க வைத்தோம், இரண்டிலும் 97. பிறகு சென்னையில் இருக்கும் அவளுடைய அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, அங்கேயும் அளந்து சொல்லச் சொன்னோம். நோட்டில் அடித்துத் திருத்தப்பட்ட அந்தப் பக்கத்தைப் போல வேறெந்தப் பக்கமும் அவளுக்கு நினைவில் இல்லை. (இதைச் செய்ய விரும்புவோர் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை வெந்நீரில் இறக்கிவிட வேண்டாம். அது 42 டிகிரியை ஒட்டி முடிந்துவிடும். கண்ணாடிக் குழாய் வெடிக்கும், பழைய வகையாக இருந்தால் பாதரசமும் சிதறும்.)

அடுத்த தவறு, சோதனை சரியாக நடந்தும் விளக்கம் பிழையாகப் போவது. தட்டில் மெழுகுவத்தியை நிறுத்தி, சுற்றிலும் நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி, ஏற்றிய பின் கண்ணாடி டம்ளரால் மூடுகிறோம். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. “காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். கேட்கப் பொருத்தமாக இருக்கும் இந்த விளக்கம் சரியல்ல. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்னரே, காற்றில் அதன் பங்கு 21 விழுக்காட்டிலிருந்து 16-ஐ ஒட்டி இறங்கும்போதே, சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனும் மாயமாய் மறைவதில்லை, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் டம்ளருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது. அணைந்த பின் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, நீராவியும் துளிகளாகிவிட, உள்ளழுத்தம் குறைந்து வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, பார்க்கவிட்டால் போதும். சுடர் எரியும்போது தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, அணைந்த பிறகு எவ்வளவு ஏறுகிறது என்று டம்ளரின் மேல் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள்; ஏற்றத்தின் பெரும்பகுதி அணைந்த பிறகே நிகழ்வது தெரியும். மூடிய கணத்தில் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுவதையும் கூர்மையான கண்கள் பிடித்துவிடும். பிறகு ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை வைத்து அதே டம்ளரால் மூடுங்கள். ஆக்சிஜன் கணக்கு உண்மையானால் தண்ணீர் முன்னைப் போலவே ஏற வேண்டும், அதிகமாக ஏறுகிறது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க எதையும் வைத்துக்கொள்ளாமல் முடிவு சொல்வது. பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைத்து, “வெளிச்சத்தால் முளைத்தது” என்று எழுதினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, இருட்டில் வைத்த இன்னொரு தட்டு இல்லாத வரை. (இருட்டிலும் முளைக்கும், வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளரும்.) தமிழ் வீடுகளில் இதற்கு இட்லி மாவைவிட நல்ல பாடம் கிடைக்காது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெங்களூருவின் இரவு 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, மாவு காலையிலும் அரைத்த கோலத்திலேயே கிடக்கும்; மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை சுற்றாத வீடு இங்கே குறைவு. ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஒரே மாவைப் பாதியளவு ஊற்றி, மாவு மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டி, ஒன்றை அடுப்புக்கு அருகிலும் ஒன்றை பால்கனியிலும் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, காலையில் எது எவ்வளவு பொங்கியது என்று அளக்கச் சொல்லலாம். மாவைப் பொங்க வைப்பவை உளுந்தோடு வரும் நுண்ணுயிரிகள். அவற்றில் முக்கியமானது லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. அது வெளியிடும் வாயுவே மாவில் குமிழியாகிறது, அதற்கு வெதுவெதுப்பு வேண்டும்.

இதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை அடுப்பருகே வைத்த டம்ளரில் மட்டும் உப்பு போட்டிருந்தேன், பால்கனி மாவில் போட மறந்துவிட்டேன். அடுப்பருகே இருந்த மாவு நன்றாகப் பொங்கியது. சூட்டினாலா, உப்பினாலா? ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற விதி அன்று வீணான அரைக் கிண்ணம் மாவில் எங்களுக்குப் பிடிபட்டது. மாவு டம்ளரை இறுக்கமாக மூடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும்.

சொற்களில் நேரும் தவறு ஒன்று உண்டு, அது தமிழ் பேசும் நமக்கே உரியது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழில் விளக்கும்போது, “எண்ணெய் லேசு, அதனால் மிதக்கிறது” என்கிறோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கரண்டித் தண்ணீரைவிட லேசா என்று பிள்ளை கேட்டால் விழிக்கிறோம். இன்னொரு குழப்பம் ‘கெட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. விளக்கெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக, மெதுவாக ஒழுகுகிறது, ஆனாலும் மிதக்கிறது. தேனும் கெட்டிதான், அது மூழ்குகிறது. எவ்வளவு எளிதில் ஒழுகும் என்பது பாகுத்தன்மை, ஒரே கொள்ளளவில் எவ்வளவு எடை என்பது அடர்த்தி. மிதப்பதைத் தீர்மானிப்பது பின்னது. சொல்லை முதலில் தராமல், சமையலறைத் தராசில் ஒரே குவளையால் 100 மில்லி தண்ணீரையும் 100 மில்லி நல்லெண்ணெயையும் நிறுக்க வையுங்கள். ஒன்று 100 கிராம், மற்றது 92 கிராமை ஒட்டி வரும். ‘அடர்த்தி’ என்ற சொல்லை அப்போது கொடுத்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

நிறம் மாறும் சோதனைகளில் மஞ்சளை எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது நாம் வாசலில் பலமுறை பார்த்த வேதியியல்தான். ஆனால் மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளாகவே இருக்கும். அதை வைத்து எலுமிச்சையில் அமிலம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமிலத்துக்குச் சங்குப்பூவைக் கேளுங்கள். அதன் நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும்.

சிறு பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். தண்ணீரில் மிளகுத்தூள் தூவி நடுவில் சோப்பு தொட்டால் தூள் விளிம்புக்கு ஓடும். இரண்டாம் முறை ஓடவில்லையென்றால் தட்டில் முந்தைய சோப்பு ஒட்டியிருக்கிறது. எலுமிச்சையில் செம்பையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகிச் செய்யும் மின்கலம் ஒன்றுக்கு 1 வோல்ட்டைக்கூடச் சிரமப்பட்டே தரும், அதில் மின்னோட்டமும் மிகக் குறைவு. டார்ச் பல்பு எரியாது. நான்கைத் தொடராக இணைத்து, பெங்களூரு எஸ்.பி. சாலையின் மின்னணுக் கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை மாட்டினால் இருட்டில் மினுங்கும். அந்த எலுமிச்சைகளைப் பிறகு சாறு பிழியக் கூடாது, துத்தநாகம் கரைந்திருக்கும்.

கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் பால் கலந்து டார்ச் அடித்து வானத்தின் நீலத்தைக் காட்டும் சோதனையில், பாலை அளவில்லாமல் ஊற்றுவதுதான் வழக்கமான கேடு. சில சொட்டுகளே போதும். பக்கவாட்டில் நீலச் சாயலும் எதிர்முனையில் செம்மஞ்சளும் தெரியும். 1921-இல் கப்பலில் பயணம் செய்த இயற்பியலாளர் சி.வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஏற்கப்பட்டிருந்த கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) மேற்பரப்பின் பிரதிபலிப்பைத் தடுத்துவிட்டுப் பார்த்தார்; நீலம் அப்போதும் இருந்தது. திருச்சியில் பிறந்து, பிற்காலத்தில் பெங்களூருவில் வாழ்ந்தவர் அவர். அவருடைய ஆய்வு நிலையம் இன்னும் இதே ஊரில் இருப்பதைப் பால் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

பாதுகாப்பில் நேரும் தவறுகளை இந்தத் தொனியில் சொல்ல முடியாது. வாயு உண்டாகும் எதையும் மூடிய புட்டியில் செய்யாதீர்கள். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்தாலே புட்டி தெறிக்கப் போதும். கழிவறை கழுவும் அமிலத்தையும் அலுமினியத் தாளையும் சேர்க்கும் காணொளிகளைப் பார்த்துச் செய்யவே கூடாது. ஹைட்ரஜன் வெளியேறும், சூடேறும், வெடிக்கும். அதே அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வரும். பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கை கழுவும் சானிட்டைசரைச் சுடருக்கு அருகில் வைக்கக் கூடாது, அதன் தீ பகலில் கண்ணுக்குத் தெரிவது அரிது. சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் சோதனையே இல்லை, 1.5 வோல்ட் பேட்டரிகள் போதும். கைப்பேசி பேட்டரியைப் பிரிக்கக் கூடாது. பொத்தான் பேட்டரி சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறு காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனாலும் அப்படியே. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டுக் கொதிப்பதைக் காட்டும் ஆசை நம் வீட்டுத் தாத்தாக்களுக்கு உண்டு. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், ஆகவே வேண்டாம். கண்ணில் எது பட்டாலும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசையும் மையும் மஞ்சளும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக நிழல். பெங்களூருவில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிமிர்த்தி வைத்த டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். தில்லியில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அது கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, கடிகாரம் 12 காட்டியதும் பார்த்துவிட்டு, “நிழல் இருக்கிறதே” என்று கீழே இறங்கிவிடுவது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே சுமார் 5 பாகை தள்ளியிருப்பதால், ஏப்ரலில் உச்சிவேளை இங்கே 12.17 வாக்கில்தான் வரும். சென்னையிலும் ஏறக்குறைய அதே நாள்தான், ஆனால் நேரம் 12.07. அத்தை மொட்டைமாடியிலிருந்து “இங்க நிழல் போயிடுச்சு” என்று சொன்ன பிறகு, எங்கள் டம்ளருக்கு இன்னும் பத்து நிமிடம் மிச்சமிருக்கும். சூரியனை அண்ணாந்து பார்க்காமல் தரையை மட்டும் பார்த்திருங்கள். ஆகஸ்டில் இங்கே மேகம் மறைத்துவிடுவது வழக்கம், ஏப்ரலைத் தவற விடாதீர்கள்.